மழுங்கல் உருவங்களைச் சுற்றி ஓடும் காற்றைப் பிளாஸ்மாவால் கட்டுப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: மழுங்கல் உருவம் என்று எதைச் சொல்கிறார்கள்? அதைச் சுற்றி ஓடும் காற்றை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?

ஒரு பொருளைக் கடந்து செல்லும் காற்று அதன் பரப்பை ஒட்டியே கடைசிவரை வழுக்கிச் செல்லாமல், பாதி வழியிலேயே பரப்பை விட்டு விலகி, பின்பக்கத்தில் அகலமான, அமைதியற்ற ஒரு பகுதியை உண்டாக்கினால், அந்தப் பொருளைக் காற்றியக்கவியலில் மழுங்கல் உருவம் என்கிறோம். ஆலைப் புகைபோக்கி, மின்கம்பி, லாரியின் பெட்டி, விமானத்தின் அடியிலிருந்து இறங்கும் சக்கரத் தண்டு ஆகியவை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. நன்கு வடிவமைத்த விமான இறக்கையில் இழுவிசையின், அதாவது பொருளைப் பின்னோக்கி இழுக்கும் காற்றுத் தடையின், பெரும்பகுதி பரப்பின் உராய்விலிருந்து வருகிறது. மழுங்கல் உருவத்திலோ, முன்பக்கம் அழுத்தம் கூடியும் பின்பக்கம் குறைந்தும் இருப்பதால் வருகிறது.

இழுவிசை ஒரு சிக்கல்தான் என்றாலும், அதைவிடச் சுவையான சிக்கல் வேறொன்று. உருளையின் இரு பக்கங்களிலிருந்தும் விலகும் காற்று மாறி மாறிச் சுருண்டு, ஒரு முறை மேலிருந்தும் ஒரு முறை கீழிருந்தும் சுழல்களாகக் கழன்று போகிறது. 1911-இல் தியடோர் வான் கார்மான் இந்தச் சுழல் வரிசை எந்த அமைப்பில் நிலைத்து நிற்கும் என்று கணக்கிட்டுக் காட்டியதால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கும் முன்பு, 1878-இல், காற்றில் பாடும் கம்பிகளை ஆராய்ந்த செனெக் ஸ்ட்ரௌஹால், ஒலியின் சுருதியைத் தீர்மானிப்பது கம்பியின் இழுப்பு அல்ல, காற்றின் வேகமும் கம்பியின் தடிமனுமே என்று கண்டறிந்தார். சுழல் கழலும் அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால், வட்ட உருளைக்கு மிகப் பரந்த வேக எல்லைக்குள் ஏறத்தாழ 0.2 என்றே விடை வரும். அதுதான் ஸ்ட்ரௌஹால் எண். 10 செ.மீ. விட்டமுள்ள உருளையின் மேல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் நொடிக்குப் பத்து முறை அது பக்கவாட்டில் உதைபடுகிறது என்று பொருள். அந்தப் பத்து, பொருளின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் அது ஆடத் தொடங்கும்; வேகம் கூடிய இடங்களில் அதே உதை இரைச்சலாகக் காதில் விழும்.

கேள்வி: பிளாஸ்மா ஆக்சுவேட்டர் என்பது பார்வைக்கு எப்படி இருக்கும்?

பிளாஸ்மா என்பது எலெக்ட்ரான்களும் அயனிகளுமாக, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்த வாயு. அதைக் கொண்டு பரப்பை ஒட்டிய காற்றைத் தள்ளும் கருவியே பிளாஸ்மா ஆக்சுவேட்டர். பார்வைக்கு அது ஏமாற்றம் தரும் அளவுக்கு எளிமையாக இருக்கும். பேப்பரைவிடத் தடிமன் குறைந்த தாமிர நாடா இரண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு மின்காப்புப் படலம். ஒரு நாடா படலத்தின் மேலே காற்றுக்குத் திறந்தபடி ஒட்டப்பட்டிருக்கும். மற்றது படலத்தின் அடியில், மேலுள்ள நாடாவின் விளிம்பு முடியும் இடத்திலிருந்து ஒரு பக்கமாக நீண்டு, முழுவதும் மூடப்பட்டிருக்கும். இரண்டும் நேருக்கு நேராக இல்லாமல் இப்படி விலகி அமைந்திருப்பதுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி. மின்காப்புக்குக் காப்டன் என்னும் பிளாஸ்டிக் நாடாவைப் பல அடுக்குகளாக ஒட்டுவது வழக்கம். டெஃப்லான், அக்ரிலிக், கண்ணாடி, குவார்ட்ஸ் ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள்.

இரு நாடாக்களுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தை, சாதாரணமாக 1 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் கொடுத்தால், மேல் நாடாவின் விளிம்பை ஒட்டி ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஒளிரும். விளக்கை அணைத்தால்தான் அது சரியாகத் தெரியும். அதிர்வெண் சில கிலோஹெர்ட்ஸ் என்றால் காதைக் குடையும் ஒரு கீச்சொலியும், கூடவே ஓசோனின் கூர்மையான வாடையும் வரும். அந்தக் கோட்டின் அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால், நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை சட்டென்று கீழே இழுக்கப்பட்டு, பரப்போடு பரப்பாக, மூடிய நாடா இருக்கும் பக்கமாக ஓடும். முதன்முறை பார்ப்பவர்கள் எங்கேயோ மின்விசிறி ஓடுகிறது என்று திரும்பிப் பார்ப்பதுண்டு.

கேள்வி: நகரும் பாகம் எதுவும் இல்லாமல் காற்று எப்படி நகர்கிறது?

காற்றின் மின்காப்புத் திறன் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோவோல்ட். தாமிர நாடாவின் கூரிய விளிம்பில் மின்புலம் அதையும் தாண்டிவிடுவதால் அங்கே எலெக்ட்ரான்கள் முடுக்கம் பெற்று, மூலக்கூறுகளில் மோதி, மேலும் எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. அப்படியே விட்டால் இது தீப்பொறியாக மாறிவிடும். அதைத் தடுப்பது நடுவிலுள்ள மின்காப்புப் படலம்: வந்துசேரும் மின்னூட்டம் படலத்தின் மேல் தேங்கி, தன்னை வரவழைத்த மின்புலத்தையே எதிர்ப்பதால் மின்னிறக்கம் தானாகவே அடங்கிவிடுகிறது. மறுபடி தொடங்க வேண்டுமானால் மின்னழுத்தம் திசை மாற வேண்டும். திசை மாறாத நேர்திசை மின்சாரம் இங்கே பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

உண்டான அயனிகள் மின்புலத்தால் இழுக்கப்பட்டு நகரும்போது மின்னூட்டமற்ற சாதாரண மூலக்கூறுகளின் மீது மோதித் தங்கள் உந்தத்தைக் கொடுக்கின்றன. ஒவ்வொரு சுற்றின் இரு அரைகளும் சமமாகத் தள்ளுவதில்லை என்பதாலும், நாடாக்கள் ஒரு பக்கமாக விலகி அமைந்திருப்பதாலும், மொத்தத்தில் மேல் நாடாவிலிருந்து மூடிய நாடாவை நோக்கி ஒரு விசை மிஞ்சுகிறது. பிளாஸ்மா என்றதும் வெப்பத்தை நினைக்க வேண்டாம். எலெக்ட்ரான்கள் மட்டுமே பல்லாயிரம் டிகிரிக்குரிய ஆற்றலோடு திரிகின்றன. காற்று ஏறக்குறைய அறை வெப்பத்திலேயே இருக்கிறது.

இந்த விசையால் எழும் காற்றோட்டம் பரப்பிலிருந்து சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள்ளேயே தன் உச்ச வேகத்தை அடைகிறது. அந்த உச்சம் நொடிக்குச் சில மீட்டர்தான். விசை, நாடாவின் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சில பத்து மில்லிநியூட்டன். தடித்த மின்காப்பும் உயர்ந்த மின்னழுத்தமும் சேர்ந்தால் 100 மில்லிநியூட்டனைத் தாண்டலாம்.

கேள்வி: இது யாருடைய கண்டுபிடிப்பு?

மின்காப்பை நடுவில் வைத்து மின்னிறக்கம் செய்யும் உத்தி பழையது. வெர்னர் வான் சீமென்ஸ் 1857-இலேயே ஓசோன் தயாரிக்க அதைப் பயன்படுத்தினார். காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அதைக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீஸ் ராத் 1990-களில் செய்த பணி முக்கியமானது. பின்னர் அமெரிக்காவிலேயே உள்ள நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்க்கும், பிரான்சின் புவாத்தியே நகரில் எரிக் மொரோவும் தத்தம் குழுக்களுடன் இதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார்கள்.

கேள்வி: நொடிக்குச் சில மீட்டர் வேகமே உள்ள இந்த மெல்லிய காற்று, பெரிய ஓட்டம் ஒன்றை எப்படி மாற்ற முடியும்?

மாற்ற வேண்டியது பெரிய ஓட்டத்தை அல்ல என்பதில்தான் விடை இருக்கிறது. காற்று உருளையை விட்டு விலகுவதா ஒட்டிச் செல்வதா என்பது, பரப்பை ஒட்டியுள்ள எல்லை அடுக்கு என்னும் மிக மெல்லிய படலத்தில் முடிவாகிறது. பரப்போடு உரசி வேகம் இழந்த இந்தப் படலம், உருளையின் பின்பாதியில் அழுத்தம் ஏறத் தொடங்கும்போது அதை எதிர்த்து முன்னேற வலுவின்றி நின்றுவிடுகிறது. படலம் சீராக ஓடிக்கொண்டிருந்தால் முன் முனையிலிருந்து சுமார் 80 டிகிரியிலேயே விலகிவிடும். கொந்தளிப்பானதாக இருந்தால் மேலேயுள்ள வேகமான காற்றைத் தனக்குள் கலந்துகொண்டு 120 டிகிரி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். அவ்வாறு தாக்குப்பிடித்தால், இழுவிசையின் அளவைக் காட்டும் எண்ணான உருளையின் இழுவிசைக் கெழு 1.2-இலிருந்து 0.3 அளவுக்கு விழுந்துவிடுகிறது. கோல்ஃப் பந்தின் குழிகள் செய்யும் வேலை இதுதான். கிரிக்கெட் பந்தின் தையல் ஒரு பக்கத்தில் மட்டும் இதைச் செய்வதால் பந்து ஸ்விங் ஆகிறது. ஆக்சுவேட்டரின் காற்று ஓடுவதும் இதே ஒரு மில்லிமீட்டருக்குள் என்பதால், வலுவிழந்து நிற்கும் படலத்துக்கு அது சரியான இடத்தில் தோள் கொடுக்கிறது.

நோட்ர டேம் ஆய்வாளர்களான ஃபிளின்ட் தாமஸ், கோஸ்லோவ், மேலே சொன்ன கார்க் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விமானத்தின் சக்கரத் தண்டுக்குப் பதிலியாகக் குவார்ட்ஸ் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன் முனையிலிருந்து இரு பக்கமும் 90 டிகிரியிலும் 135 டிகிரியிலுமாக நான்கு ஆக்சுவேட்டர்களை அமைத்தார்கள். குழாயின் சுவரே மின்காப்பாக அமைந்துவிட்டது. காற்றின் வேகம், உருளையின் விட்டம், காற்றின் பாகுத்தன்மை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் 33,000. ஆக்சுவேட்டர்களை இயக்கியதும் மாறி மாறிக் கழன்றுகொண்டிருந்த கார்மான் சுழல்கள் அடங்கின. சுழலோடு தொடர்புடைய அருகாமை ஒலி ஏறக்குறைய 13 டெசிபெல் குறைந்தது.

அதே ரெனால்ட்ஸ் எண்ணுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. விட்டம், நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் காற்றின் இயக்க அழுத்தம் 15 பாஸ்கல். அதை விட்டத்தாலும் இழுவிசைக் கெழு 1.2-ஆலும் பெருக்கினால், உருளையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் விழும் இழுவிசை 1.8 நியூட்டன். ஆக்சுவேட்டர் ஒன்றுக்கு 20 மில்லிநியூட்டன் என்று வைத்தால் நான்கும் சேர்ந்து 0.08 நியூட்டன், அதாவது இழுவிசையில் சுமார் 4 விழுக்காடு. ஓட்டத்தைத் திருப்பிவிட அவ்வளவு போதும். காற்றின் வேகம் நொடிக்கு 25 மீட்டராக உயர்ந்தால் இழுவிசை 45 நியூட்டனாகிவிடும். ஆக்சுவேட்டரின் விசையோ அப்படியேதான் இருக்கும். அப்போது அதன் பங்கு 0.2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. இத்துறையின் கட்டுரை எதைப் படித்தாலும் முதலில் காற்றின் வேகம் எவ்வளவு என்று தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவுரைக்குப் போவது நல்ல பழக்கம்.

கேள்வி: ஆக்சுவேட்டரைத் தொடர்ந்து இயக்குவதா, விட்டு விட்டு இயக்குவதா?

பெரும்பாலான சூழல்களில் விட்டு விட்டு இயக்குவதே மேல். உருளையை விட்டு விலகிய காற்றுக்கும் உள்ளே தேங்கிய காற்றுக்கும் இடையிலுள்ள மெல்லிய அடுக்கு, சிறு அசைவையும் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது. ஊஞ்சலை ஒரே மூச்சாகத் தள்ளிக்கொண்டு நிற்பதைவிட அதன் தாளத்துக்குத் தட்டிவிடுவது சுலபம் என்பதுபோல, இந்த அடுக்குக்குப் பிடித்த அதிர்வெண்ணில் துடிப்பாகத் தட்டினால் அது தானே சுருண்டு, வெளிக்காற்றைப் பரப்பின் அருகே கொண்டுவருகிறது. மேற்சொன்ன ஆய்வில் துடிப்பின் அதிர்வெண்ணை, ஸ்ட்ரௌஹால் எண் 1 ஆகும்படி, இயற்கையான சுழல் கழற்சியைப்போல ஐந்து மடங்காக வைத்தார்கள். நம் கணக்கிலுள்ள உருளைக்கு அது 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் பத்தில் ஒரு பங்கு நேரமே மின்சாரம் பாய்ந்தால் செலவும் பத்தில் ஒரு பங்குதான்.

இயந்திர வால்வுகளுக்கு இல்லாத வசதி இது. மின்சாரம் கொடுத்த கணமே விசை பிறந்துவிடுவதால், பரப்பில் அழுத்த உணரிகளை வைத்துச் சுழல் எந்தப் பக்கம் கழலப்போகிறது என்று அறிந்து, அதற்கு எதிர்த்தாளத்தில் தட்டுவதும் முடியும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: தவறான தாளத்தில் தட்டினால் சுழல்கள் அடங்குவதற்குப் பதில் ஒழுங்காகவும் வலுவாகவும் கழலத் தொடங்கும்.

கேள்வி: ஆக்சுவேட்டரை எங்கே ஒட்ட வேண்டும்? சதுரக் கம்பத்திலும் இது வேலை செய்யுமா?

காற்று இயல்பாக விலகும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒட்ட வேண்டும். வட்ட உருளையில் விலகும் இடம் நகரக்கூடியது என்பதால் ஆக்சுவேட்டருக்கு அங்கே பேரம் பேச இடமிருக்கிறது. சதுரக் கம்பத்தில் காற்று கூரிய மூலையிலேயே விலகிவிடுகிறது; அந்த இடத்தை நகர்த்த முடியாது. விலகிய பிறகு அது எந்தக் கோணத்தில் போகிறது, எப்படிச் சுருள்கிறது என்பதை மட்டுமே ஓரளவு மாற்றலாம். காரின் எளிய மாதிரியாக 1984-இல் அறிமுகமான அகமது மாதிரி இரண்டுக்கும் இடைப்பட்டது: பின்பக்கச் சரிவு 25 டிகிரி அளவில் இருக்கும்போது காற்று விலகுவதா ஒட்டுவதா என்ற இழுபறியில் இருப்பதால், பிளாஸ்மா ஆய்வாளர்கள் பலர் அந்தச் சரிவின் மேல் விளிம்பையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: லாரிகளில் பொருத்தினால் டீசல் மிச்சமாகுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்; இப்போதைய நிலையில் ஆகாது என்பதே நேர்மையான பதில். காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி.

வழக்கமாகச் சொல்வது, ஆக்சுவேட்டர் மின்சாரத்தைத் தின்றுவிடும் என்பது. உண்மையில் மின்னாற்றலில் நூறில் ஒரு பங்குகூடக் காற்றின் இயக்க ஆற்றலாக மாறுவதில்லை. மீட்டருக்கு 25 வாட் செலவாகிறது என்று கொண்டால், நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றிலுள்ள நம் உருளைக்கு நான்கு ஆக்சுவேட்டர்களும் தொடர்ந்து ஓட 100 வாட் வேண்டும். அந்த வேகத்தில் இழுவிசையை வெல்லத் தேவைப்படும் மொத்தத் திறனே 9 வாட்தான். இழுவிசையை அடியோடு ஒழித்தாலும் 91 வாட் நட்டம்.

லாரியின் கதை வேறு. மணிக்கு 90 கி.மீ., முகப்புப் பரப்பு 10 சதுர மீட்டர், இழுவிசைக் கெழு 0.6 என்று வைத்தால் இழுவிசை 2,250 நியூட்டன். அதை வெல்ல 56 கிலோவாட் வேண்டும். பெட்டியின் பின்விளிம்பில் மேற்பக்கமும் இரு பக்கவாட்டிலுமாக 8 மீட்டர் நீளத்துக்கு ஆக்சுவேட்டர் ஒட்டினால் செலவு 200 வாட்தான். இழுவிசை ஒரு விழுக்காடு குறைந்தாலே 560 வாட் மிச்சம். ஆகவே மின்செலவு இங்கே ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் விசையில் இருக்கிறது: அந்த 8 மீட்டரும் சேர்ந்து தருவது 0.16 நியூட்டன், இழுவிசையில் பதினாலாயிரத்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்குப் பெட்டியின் பின்விளிம்பு கூரானது. காற்று விலகும் இடத்தை நகர்த்தவும் வழியில்லை. ஆக, ஆக்சுவேட்டருக்கு வலு இருக்கும் வேகத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. மிச்சம் பிடிக்க நிறைய இருக்கும் வேகத்தில் அதற்கு வலு இல்லை. ஆய்வகத்தில் நொடிக்கு 5 மீட்டரில் கிடைத்த விழுக்காட்டைத் தூக்கி நெடுஞ்சாலை லாரிக்குப் பொருத்திச் செய்தி வெளியிடுபவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள். லாரிக்காரருக்குப் பெட்டியின் பின்னால் உள்நோக்கிச் சரியும் மடக்குப் பலகைகளே இன்றைக்கும் நம்பகமான வழி.

கேள்வி: அப்படியானால் இது எதற்குத்தான் பயன்படும்?

ஆற்றல் கணக்கு முக்கியமில்லாத இடங்களுக்கு. தரையிறங்கும் விமானத்தின் சக்கரத் தண்டு எழுப்பும் இரைச்சல் அப்படிப்பட்டது. சில நிமிடங்கள் மட்டும் இயங்கினால் போதும், மற்ற நேரத்தில் பரப்போடு பரப்பாக ஒட்டிக்கிடந்து யாருக்கும் தொந்தரவு தராது. ஆனாலும் தரையிறங்கும் வேகம் ஆய்வக வேகத்தைவிடப் பல மடங்கு என்பதால் அங்கேயும் விசைப் பற்றாக்குறை நீடிக்கிறது. புகைபோக்கியின் ஆட்டத்தை அடக்கப் பிளாஸ்மா தேவையா என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் 1957-இல் முன்வைத்த திருகுசுருள் தகடுகள் மின்சாரமே இல்லாமல் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. இழுவிசையைக் கூட்டிவிடுவது மட்டுமே அவற்றின் குறை. அசையாமல் நிற்கும் புகைபோக்கிக்கு அது தாங்கக்கூடிய விலைதான்.

களத்துக்கு மிக அருகே வந்திருப்பவை மழுங்கல் உருவங்கள் அல்ல, இறக்கை போன்றவை. ஜப்பானில் காற்றாலை இறக்கைகளின் முன்விளிம்பில் ஆக்சுவேட்டர்களை ஒட்டிச் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் குழு, மோட்டார் கிளைடர் ஒன்றின் இறக்கையில் பொருத்திப் பறக்கும்போதே எல்லை அடுக்கு கொந்தளிப்பாக மாறுவதைத் தாமதப்படுத்திக் காட்டியது.

கேள்வி: அதிக வேகத்துக்கு வேறு வகை ஆக்சுவேட்டர் கிடையாதா?

உண்டு. அதே நாடா அமைப்பில் சைன் அலைக்குப் பதில் நானோ நொடி அளவிலான மின் துடிப்பைக் கொடுத்தால், காற்று தள்ளப்படுவதற்குப் பதில் ஒரு மெல்லிய அடுக்கு திடீரெனச் சூடாகி, சிறு அழுத்த அலை ஒன்று பிறக்கிறது. உந்தம் ஊட்டுவதை விட்டுவிட்டு ஓட்டத்தை உசுப்பிவிடுவது மட்டுமே இதன் வேலை என்பதால், வேகம் கூடினாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

கேள்வி: மழையிலும் தூசியிலும் தாங்குமா?

நனைந்த பரப்பில் மின்னூட்டம் தண்ணீர் வழியே பரவிவிடுவதால் பிளாஸ்மா ஒழுங்காக உண்டாகாது. அதைவிடப் பெரிய கவலை ஆயுள். பிளாஸ்மாவும் ஓசோனும் காப்டனைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. அடுக்குகளை ஒட்டும்போது இடையில் ஒரு சிறு காற்றுக்குமிழி சிக்கினாலும் அங்கே தனியாக ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். ஊதாக் கோட்டில் ஒரே இடம் மட்டும் வெளிறிப் பளபளத்தால் அது நல்ல சகுனமல்ல. சற்று நேரத்தில் ஒரு சடக், ஊசித்துளை, கருகிய வட்டம், அவ்வளவுதான். நாடாவை ஒட்டும்போது பழைய பஸ் பாஸ் அட்டையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தித் தேய்ப்பதில் செலவிடும் பத்து நிமிடம், பின்னால் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

கேள்வி: இதன் காற்றை அளப்பது எப்படி?

வழக்கமான கருவிகள் பல இங்கே உதவாது. காற்றின் வேகத்தை அளக்கும் உலோகப் பிட்டோ குழாயைப் பக்கத்தில் கொண்டுபோனால் பிளாஸ்மா அதன் மீதே பாய்ந்துவிடும் என்பதால் கண்ணாடியில் நுண்குழாய் இழுத்துப் பயன்படுத்துகிறார்கள். சூடேற்றிய கம்பி உணரியை அருகில் வைத்தால் அதன் மின்சுற்று பழுதாகும். தள்ளி, பின்னோட்டத்தில் மட்டும் வைக்கலாம். எண்ணெய்த் துளிகளை லேசர் ஒளியில் படமெடுக்கும் முறை பாதுகாப்பானது, ஆனால் துளிகளே மின்னூட்டம் பெற்றால் அவை காற்றின் வேகத்தைக் காட்டாமல் தம் வேகத்தைக் காட்டும். மொத்த விசை மட்டும் போதுமென்றால், தகட்டை ஒரு நுண்தராசின் மேல் நிறுத்தி, எடை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதே எளிது.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் செய்து பார்க்கலாமா?

மேற்பார்வையோடு, காற்றோட்டமுள்ள ஆய்வகத்தில் செய்யலாம், வீட்டில் வேண்டாம். இங்கே பயன்படும் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது. மின்மாற்றியை அணைத்த பிறகும் மின்காப்புப் பரப்பில் மின்னூட்டம் தேங்கியிருக்கும், எனவே தரையிணைப்புக் கோலால் தொட்டு இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். பணியிடக் காற்றில் ஓசோன் பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதற்கும் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். சற்று நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போய்விடும் என்பதால், வாடை போய்விட்டது என்று எண்ணி வெளியேற்று விசிறியை நிறுத்தக்கூடாது.